உந்தச் சமன்பாடு ஒன்று, தெரியாத வேகங்கள் இரண்டு: மீள்தன்மை மோதுகைக் கணக்கைத் தீர்ப்பது எப்படி?

உயர்தரப் பௌதிகவியலில் மோதுகைக் கணக்கு வந்தால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் முதல் வரியை யோசிக்காமலே எழுதிவிடுவார்கள்: மோதலுக்கு முன் மொத்த உந்தம் (திணிவு × வேகம்), மோதலுக்குப் பின் மொத்த உந்தத்துக்குச் சமன். அந்த வரியில் பிழை இல்லை. இரண்டு பொருள்களும் ஒன்றின் மீது மற்றது சமனும் எதிருமான விசையைக் கொடுக்கின்றன; தொட்டிருக்கும் நேரமும் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே ஒன்று இழக்கும் உந்தத்தை மற்றது பெற்றே ஆகவேண்டும். பிள்ளைகள் இடறுவது இரண்டாவது வரியில்தான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒப்பமான கிடைத்தளத்தில் 2 கிலோகிராம் திணிவுள்ள வண்டி ஒன்று செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வலப்பக்கமாக வந்து, ஓய்வில் நிற்கும் 3 கிலோகிராம் வண்டியுடன் நேருக்கு நேர் மோதுகிறது. மோதுகை பூரண மீள்தன்மை உடையது, அதாவது மோதலுக்கு முன்பிருந்த இயக்கப்பாட்டுச் சக்தி முழுவதும் மோதலின் பின்னும் இருக்கும். பின்னர் இரண்டின் வேகங்கள் என்ன?

மொத்த உந்தம் 2 × 5 = 10 அலகு. மோதிய பின்னும் 10 வரவேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டு 2 என்ற வேகத்தில் போனால் 2 × 2 + 3 × 2 = 10. முதலாவது 1 வேகத்தில் பின்வாங்கி, இரண்டாவது 4 வேகத்தில் முன்னே போனால் −2 + 12 = 10. முதலாவது 4 வேகத்தில் பின்வாங்கி, இரண்டாவது 6 வேகத்தில் ஓடினாலும் −8 + 18 = 10. இப்படி எண்ணில்லாத சோடிகளை எழுதலாம். உந்தம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். உந்தக் காப்பு எல்லா மோதுகைக்கும் பொது என்பதாலேயே, எந்த வகை மோதுகை நடந்தது என்பதை அதனால் சொல்ல முடியாது.

அதைச் சொல்வது இயக்கப்பாட்டுச் சக்தி: திணிவின் அரைவாசி × வேகத்தின் வர்க்கம். தொடக்கத்தில் அது அரைவாசி × 2 × 25, அதாவது 25 யூல். ஒட்டிக்கொண்டு போகும் சோடிக்கு 4 + 6 = 10 யூல்தான் மிஞ்சுகிறது. −4, 6 என்ற சோடிக்கு 16 + 54 = 70 யூல் வருகிறது; இடையில் ஒரு வில்லோ வெடிமருந்தோ இல்லாமல் அது நடக்காது. −1, 4 என்ற சோடிக்கு 1 + 24 = 25 யூல். நாம் தேடிய விடை இதுதான்.

ஆனால் பரீட்சை மண்டபத்தில் இப்படிச் சோடி சோடியாக முயன்று பார்க்க முடியாது. ஆகவே பிள்ளைகள் உந்தச் சமன்பாட்டில் ஒரு வேகத்தைப் பிரித்தெடுத்துச் சக்திச் சமன்பாட்டில் பிரதியிடுகிறார்கள். இருபடிச் சமன்பாடு பிறக்கிறது, வர்க்கங்கள் நீள்கின்றன. கணிப்பான் கொண்டுபோக முடியாத வினாத்தாள் இது. பல்தேர்வுப் பகுதியில் 2 மணித்தியாலத்துக்கு 50 வினா. ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட முழுதாக இல்லை. சிரமப்பட்டு முடிவுக்கு வந்த பிள்ளை ரியூசன் வகுப்பில் கேட்கும்:

“சேர், எனக்கு ரெண்டு விடை வருது. எதை எழுதிறது?”

“ரெண்டும் சரிதான் பிள்ளை. ஒண்டு, மோதுறதுக்கு முந்தி இருந்த நிலை.”

இந்தப் பதிலை அவசரமாகக் கடந்துபோகக் கூடாது. முழுப் பாடத்தின் திறவுகோலும் இங்கேதான் இருக்கிறது. நமது கணக்கின் இருபடிச் சமன்பாடு தரும் இரண்டு விடைகள்: (−1, 4), (5, 0). இரண்டாவது சோடி நமக்கு ஏற்கெனவே தெரியும். மோதலுக்கு முன்பிருந்த வேகங்களுக்கும் அதே உந்தம், அதே சக்திதானே. இரண்டு வண்டிகளும் மோதாமலே இருந்தாலும் அந்த இரண்டு சமன்பாடுகளும் திருப்தியாகும். ஆகவே எந்த மீள்தன்மை மோதுகைக் கணக்கிலும் இருபடிச் சமன்பாட்டின் ஒரு மூலம் வினாவிலேயே தரப்பட்டிருக்கிறது. ஒரு மூலம் கையில் இருக்கும்போது இருபடியைத் தீர்க்க வேண்டியதில்லை. அந்த மூலத்துக்குரிய காரணியை எடுத்துவிட்டால் எஞ்சுவது நேர்கோட்டுச் சமன்பாடு ஒன்றுதான்.

எடுத்துப் பார்ப்போம். முதற்பொருள் இழந்த உந்தம், அதன் திணிவை (முன்வேகம் − பின்வேகம்) என்பதால் பெருக்கியது. அது இழந்த சக்தி, திணிவின் அரைவாசியை இரு வர்க்கங்களின் வித்தியாசத்தால் பெருக்கியது. அதாவது திணிவின் அரைவாசி × (முன் − பின்) × (முன் + பின்). இரண்டாவது பொருள் பெற்ற உந்தத்தையும் சக்தியையும் அதே மாதிரி எழுதலாம். இழந்த சக்தியை இழந்த உந்தத்தால் வகுத்தால் திணிவும் போய்விடும், (முன் − பின்) என்ற காரணியும் போய்விடும். மிஞ்சுவது இவ்வளவே:

முதற்பொருளின் முன்வேகம் + பின்வேகம் = இரண்டாம் பொருளின் முன்வேகம் + பின்வேகம்.

வகுக்கும்போது (முன் − பின்) பூச்சியம் அல்ல என்று கொள்கிறோம். மோதுகை உண்மையிலேயே நடந்தது என்பதன் கணித வடிவம் அதுதான். வேண்டாத விடை அந்த இடத்தில் கழன்றுவிடுகிறது. உறுப்புகளை இடம் மாற்றி எழுதினால், ‘நெருங்கும் சார்பு வேகம் விலகும் சார்பு வேகத்துக்குச் சமன்’ என்று பாடக் குறிப்புகளில் கட்டம் போட்டு வைத்திருக்கும் விதி வந்துவிடும். தனியாக மனப்பாடம் செய்யவேண்டிய மூன்றாவது விதி என்று பலர் அதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சக்திக் காப்பும் உந்தக் காப்பும் சேர்ந்து தரும் பெறுபேறு.

இன்னும் ஒரு படி போகலாம். இரண்டு பொருள்களுக்கும் பொதுவான அந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு? நமது கணக்கில் 5 + (−1) = 4; 0 + 4 = 4. மொத்த உந்தத்தை மொத்தத் திணிவால் வகுத்தால் 10 ÷ 5 = 2, இது திணிவு மையத்தின் வேகம். கூட்டுத்தொகை அதன் சரியான இரு மடங்கு, இது எப்போதும் உண்மை. ஆகவே நேர்கோட்டில் நடக்கும் எந்தப் பூரண மீள்தன்மை மோதுகைக்கும்:

பின்வேகம் = திணிவு மைய வேகத்தின் இரு மடங்கு − முன்வேகம்.

4 − 5 = −1. 4 − 0 = 4. வேலை முடிந்தது. இருபடி இல்லை, பிரதியீடு இல்லை. இரண்டு பொருள்களும் முன்பே ஓடிக்கொண்டிருந்தாலும் இதே வழிதான். 4 கிலோகிராம் பொருள் வலமாக 3 வேகத்திலும், 2 கிலோகிராம் பொருள் இடமாக 6 வேகத்திலும் வந்தால் மொத்த உந்தம் 12 − 12 = 0. மையம் அசையவில்லை, ஒவ்வொன்றும் தன் வேகத்துடனேயே திரும்பிப் போகும். இதைக் கண்டதும் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நேரம் மிச்சம்.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு படகு இருக்கிறது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகு ஒன்று கரையோரமாகச் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் ஆடாமல் அசையாமல் போவதாக எண்ணுங்கள். அதன் தட்டில் நமது இரண்டு வண்டிகளும் மோதுகின்றன. கரையில் நிற்பவருக்கு ஒன்று 5 வேகத்தில் வருகிறது, மற்றது நிற்கிறது. படகில் இருப்பவருக்கோ ஒன்று 3 வேகத்தில் வலமாக வருகிறது, மற்றது 2 வேகத்தில் இடமாக வருகிறது. அவர் பார்வையில் உந்தம் 2 × 3 − 3 × 2 = 0. மோதிய பின்னும் பூச்சியம்தான் வேண்டும் என்றால் வேகங்கள் எதிர்த் திசையில் 3க்கு 2 என்ற விகிதத்திலேயே இருக்கவேண்டும். சக்தியும் குறையக் கூடாது என்றால் கதிகள் அதே 3, 2தான். மோதின என்பதால் திசை மட்டும் திரும்பும்: −3, 2. கரையில் நிற்பவரிடம் திரும்பி வந்து, படகின் வேகமான 2ஐக் கூட்டினால் −1, 4. மேலே எழுதிய விதி இந்தப் பயணத்தின் சுருக்கம்தான். மையத்தின் வேகத்தைக் கழித்து, குறியை மாற்றி, மீண்டும் கூட்டுகிறோம்.

படகை இந்தப் பாடத்துக்குள் கொண்டுவந்தவர் ஒல்லாந்து நாட்டின் கிறிஸ்தியான் ஹைகன்ஸ். படகில் நிற்கும் ஒருவர் நூலில் தொங்கும் இரு பந்துகளை மோதவிட, கரையில் நிற்பவர் அதைத் தன் பார்வையில் அளப்பதாக அவர் வாதத்தை அமைத்தார். 1668இல் இலண்டன் வேத்தியல் கழகம் மோதுகையின் விதிகளைத் தருமாறு கேட்டபோது ஜோன் வாலிஸ், கிறிஸ்தோபர் ரென், ஹைகன்ஸ் மூவரும் பதில் அனுப்பினார்கள். அவை 1669இல் வெளிவந்தன. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து அப்போது பதினோர் ஆண்டுதான் ஆகியிருந்தது. ஹைகன்ஸின் முழு நூல் அவர் இறந்து எட்டு ஆண்டுகளின் பின், 1703இல்தான் அச்சேறியது.

அவருக்கு முன் இந்தக் கேள்வியில் இடறியவர் சாதாரண ஆள் அல்ல. ரெனே டெகார்ட் 1644இல் வெளியிட்ட நூலில் மோதுகைக்கு ஏழு விதிகள் தந்தார். ஓய்விலிருக்கும் பெரிய பொருளைச் சிறிய பொருள் எந்த வேகத்தில் வந்து மோதினாலும் அசைக்க முடியாது, சிறியது அதே கதியில் திரும்பிவிடும் என்பது அவற்றில் ஒன்று. நமது கணக்கில் அவர் விடை −5, 0. அவருடைய தர்க்கத்தில் இதில் முரண் இல்லை, ஏனென்றால் அவர் காத்தது பருமனையும் கதியையும் பெருக்கிய தொகை. திசைக்கு அதில் இடமில்லை. 2 × 5 முன்னும் 10, பின்னும் 10. திசையைச் சேர்த்துப் பார்த்தால் +10 என்பது −10 ஆகிவிட்டது, அதாவது 20 அலகு உந்தம் காணாமல் போய்விட்டது.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு இந்த வழு நன்றாகப் பழக்கம். கணக்கைத் தொடங்கும்போதே ஓர் அம்புக்குறி வரைந்து ‘இது நேர்த் திசை’ என்று எழுதாத பிள்ளை, எதிர்த் திசையில் வரும் பொருளின் உந்தத்தையும் கூட்டிவிடும். திணிவும் சரி, வேகமும் சரி, விடை மட்டும் பிழை. என் கருத்தில், மோதுகைப் பாடத்தில் புள்ளிகளை அதிகம் தின்பது சக்தியோ இருபடியோ அல்ல, இந்த ஒரு குறிதான். பின்வேகம் எந்தத் திசை என்று முன்கூட்டியே ஊகிக்கவும் தேவையில்லை. இரண்டையும் நேர்த் திசையில் எடுத்து எழுதுங்கள். மறையாக வந்தால் அது தானே திசையைச் சொல்லிவிடும்.

திணிவு மைய வேகம் கணக்குக்காக மட்டும் கண்டெடுத்த எண் அல்ல. மோதும் கணத்தை மெதுவாக்கிப் பார்த்தால், இரண்டு பொருள்களும் தொட்டு, ஒன்றையொன்று அமுக்கி, ஒரு கணத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் போகும். அமுக்கம் உச்சத்தில் இருக்கும் அந்தக் கணத்தின் பொது வேகம்தான் அது. நமது கணக்கில் அப்போது இயக்கப்பாட்டுச் சக்தி 25 யூலிலிருந்து 10 யூலுக்கு விழுந்திருக்கும். மீதி 15 யூல் பொருள்களின் உருமாற்றத்தில் ஒடுங்கியிருக்கும். பூரண மீள்தன்மை என்றால் சக்தி எந்தக் கணத்திலும் குறையாது என்பதல்ல; ஒடுங்கியது முழுவதும் திரும்பி வரும் என்பதே. ஒன்றும் திரும்பாவிட்டால் இரண்டும் ஒட்டியபடி 2 வேகத்தில் போகும்.

இடைப்பட்டவற்றைப் பிள்ளைகள் வேறொரு வகுப்பில், இணைந்த கணிதத்தில், மீளமைவுக் குணகம் (விலகும் சார்பு வேகத்தை நெருங்கும் சார்பு வேகத்தால் வகுத்தது) என்ற பெயரில் படிக்கிறார்கள். பாடம் வேறு, ஆசிரியர் வேறு, கொப்பி வேறு என்பதால் இரண்டும் ஒரே விடயம் என்று பலருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. இது எனக்கு மிகவும் கவலை தரும் விடயம். படகின் பார்வையில் ஒவ்வொரு வேகமும் குறி மாறி, மீளமைவுக் குணகத்தால் பெருக்கப்படும், அவ்வளவுதான். குணகம் 1 என்றால் −3, 2. குணகம் அரைவாசி என்றால் −1.5, 1, கரைக்கு வந்தால் 0.5, 3. உந்தம் 1 + 9 = 10, அது அசையாது. குணகம் பூச்சியம் என்றால் 0, 0. கரையில் 2, 2. பௌதிகவியலின் மீள்தன்மை மோதுகை, இணைந்த கணிதத்தின் பொது விதியில் ஓர் ஓரம் மட்டுமே.

சனசமூக நிலையத்துக் கரம் பலகையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சர்வதேச விதிப்படி ஒரு காய் 5 முதல் 5.5 கிராம் வரை. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேற்படக் கூடாது. 15க்கு 5 என்று வைத்தால் திணிவு மையத்தின் வேகம் ஸ்ட்ரைக்கரின் வேகத்தில் முக்கால். இரு மடங்கு ஒன்றரை. ஆகவே நேராக அடித்தால் காய் ஸ்ட்ரைக்கரைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் பாயும். ஸ்ட்ரைக்கர் பாதி வேகத்தில் அதன் பின்னாலேயே போகும். நேர் அடியில் காயுடன் ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் இறங்கிக் குற்றமாவது இதனால்தான். கை நடுக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. காயோ ஸ்ட்ரைக்கரின் சக்தியில் 75 வீதத்தைக் கொண்டுபோய்விடுகிறது.

காய் இன்னொரு காயை மோதும்போது திணிவுகள் சமன். நேர் மோதலில் வந்தது நின்றுவிடும், நின்றது அதே வேகத்தில் போகும். சாய்வாக மோதினால் இன்னும் அழகு. திணிவு சமன் என்பதால் உந்தக் காப்பு மூன்று வேகக் காவிகளை (அளவையும் திசையையும் காட்டும் அம்புகளை) ஒரு முக்கோணமாக மூடுகிறது. சக்திக் காப்பு, முன்வேகத்தின் வர்க்கம் மற்ற இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமன் என்கிறது. அது பைதகரசின் தேற்றம். ஆகவே இரண்டு காய்களும் செங்கோணத்தில் பிரிகின்றன, எவ்வளவு சாய்வாகத் தொட்டாலும். உண்மையான காய்கள் பூரண மீள்தன்மை உடையவை அல்ல என்பதால் பலகையில் கோணம் 90 பாகையிலும் சற்றுக் குறையும். ஸ்ட்ரைக்கருக்கு வேறு எல்லை உண்டு: தன்னிலும் மூன்றில் ஒரு பங்கு திணிவுள்ள காயைத் தொட்டு அது விலகக்கூடிய உச்சக் கோணத்தின் சைன் மூன்றில் ஒன்று, அதாவது ஏறக்குறைய 19.5 பாகை. விளிம்பு உராய்வை விட்டுவிட்டால், ஒரே ஒரு காயில் பட்ட ஸ்ட்ரைக்கர் அதற்கு மேல் திரும்பாது.

போளையில் பரிசோதிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சீமெந்துத் தரையில் உருண்டு வந்த போளை சமமான போளையை நேராக மோதியதும் நின்று, பிறகு மெதுவாக முன்னே உருளும். விதி பொய்க்கவில்லை. நேர்கோட்டு உந்தம் கைமாறிவிட்டது, சுழற்சி கைமாறவில்லை. மிஞ்சிய சுழற்சி தரையின் உராய்வைப் பிடித்துப் போளையைத் தள்ளுகிறது. கரம் காய் உருளாமல் சறுக்குவதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

இதே கணக்கு 1932இல் ஒரு துணிக்கையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. பொலோனியத்திலிருந்து வரும் அல்பாத் துணிக்கைகள் பெரிலியத்தைத் தாக்கும்போது, மின்னேற்றம் இல்லாத, ஊடுருவும் தன்மை மிக்க கதிர் ஒன்று வெளிவந்தது. அது மெழுகில் பட்டால் புரோத்தன்களை எறிவதை ஐரீன், பிரெடெரிக் ஜோலியோ கியூரி தம்பதியர் காட்டினார்கள். அதை ஒரு வகைக் காமாக் கதிர் என்று கருதினார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த ஜேம்ஸ் சட்விக், அது திணிவுள்ள துணிக்கையாக இருந்தால் மோதுகை விதிகளுக்கு அடங்கவேண்டும் என்று பார்த்தார்.

அவருக்குத் தெரியாதவை இரண்டு: துணிக்கையின் திணிவும் வேகமும். ஓர் அளவீடு போதாது. ஆகவே ஐதரசன், நைதரசன் என்று இரண்டு இலக்குகள். ஓய்விலுள்ள இலக்கு பெறும் உச்ச வேகம், நேர் மோதலில், திணிவு மைய வேகத்தின் இரு மடங்கு. அந்த மைய வேகத்தில் மேலே உள்ள உந்தம் இரண்டு இலக்குகளுக்கும் பொது. கீழே உள்ள மொத்தத் திணிவு மட்டும் மாறும். ஒன்றை மற்றதால் வகுத்தால் துணிக்கையின் வேகம் வெட்டுப்பட்டுவிடும். புரோத்தனின் உச்ச வேகம் செக்கனுக்கு 3 கோடியே 30 இலட்சம் மீற்றர், நைதரசன் கருவுக்கு 47 இலட்சம் மீற்றர். விகிதம் ஏறக்குறைய 7. ஆகவே (திணிவு + 14) ÷ (திணிவு + 1) = 7. தீர்த்தால் திணிவு 7 ÷ 6, அதாவது ஏறக்குறைய 1.17 வருகிறது. சட்விக் வெளியிட்ட பெறுமானம் 1.15. அளவீட்டு வழுவைக் கணக்கில் எடுத்து, திணிவு புரோத்தனுடையதுக்கு மிக அண்மியது என்று முடிவு செய்தார். இன்று ஏற்கப்படும் பெறுமானம் அணுத்திணிவு அலகில் 1.0087. நியூத்திரன் அறியப்பட்டது, 1935இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் பிள்ளைகள் இரண்டு வரியில் செய்யக்கூடிய இயற்கணிதம் அது.

நியூத்திரனை மெதுவாக்குவதும் இதே விதிதான். நேர் மோதலில் இலக்குக்குக் கைமாறும் சக்தியின் பங்கு, இரு திணிவுகளின் பெருக்கத்தின் நான்கு மடங்கை மொத்தத் திணிவின் வர்க்கத்தால் வகுத்தது. ஸ்ட்ரைக்கரின் 75 வீதமும் இதிலிருந்தே வரும். நியூத்திரன் 207 அலகுள்ள ஈயக் கருவை மோதினால் 828 ÷ 43,264, இரண்டு வீதம்கூட இல்லை. சுவரில் பட்ட பந்தாகத் திரும்பிவிடும். காபனில் 48 ÷ 169, ஏறக்குறைய 28 வீதம். ஐதரசனில் திணிவு சமன் என்பதால் முழுவதும் போய்விடும். அணு உலைகளில் பெரும்பாலானவை சாதாரண நீரையே தணிப்பானாக, அதாவது நியூத்திரனை மெதுவாக்கும் பொருளாக, பயன்படுத்துவது இதனால். ஆனால் ஐதரசன் சில வேளை நியூத்திரனை விழுங்கியும் விடுகிறது. செறிவூட்டாத யுரேனியத்துக்கு அந்த இழப்பைத் தாங்க முடியாது. ஆகவேதான் 1942 டிசம்பர் 2இல் சிக்காகோவில் என்ரிக்கோ பெர்மியின் குழு இயக்கிய முதல் உலையில், ஒரு மோதலுக்கு 28 வீதத்துக்கு மேல் எடுக்க முடியாத, ஆனால் நியூத்திரனை அரிதாகவே விழுங்கும் காபன், காரீய (கிராபைற்று) கட்டிகளாக அடுக்கப்பட்டது.